அந்தக் காரில் ஏறிய நேரம்

அமலா அதிகம் பேசமாட்டாள். தேக்கா சென்டர் சந்தையின் மாடியில் ஒரு துணிக்கடையில் ரவிக்கை தைக்கிற வேலை. பாதி வாழ்க்கையை வாயில் குண்டூசியோடே ஓட்டிவிட்டாள் என்று கடையில் கேலி செய்வார்கள். வீட்டில் அவளுக்கும் சேர்த்துப் புருஷன் ரமணனே பேசிவிடுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர், வாய் கொஞ்சம் நீளம். மனசில் ஒன்றும் கிடையாது, வெள்ளந்தி என்று சொந்தக்காரர்கள் சப்பைக்கட்டு கட்டுவார்கள். மனசில் இல்லாதது வாயில் எங்கிருந்து வருகிறது என்று அமலா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ரமணனின் உயிர் ஒரு நீல நிற ஜெர்மன் காரில் இருந்தது. எண்பதுகளில் வந்த வண்டி. பழங்கால வண்டி என்று பதிவு செய்திருப்பதால் வருஷத்தில் சில நாட்கள்தான் சாலையில் இறக்கலாம். மற்ற நாளெல்லாம் கார் நிறுத்துமிடத்தில் துணி போர்த்திக்கொண்டு கிடக்கும். அதைத் துடைப்பதும் தடவுவதுமாக அவர் பொழுது போகும். முகப்பு விளக்கை அணைக்காமல் கதவைத் திறந்தால், "விளக்கு எரியுது, பார்" என்று கத்த அதில் ஒரு பஸ்ஸர் உண்டு. அது ஒருநாள் ஊமையாகிப் போனது. மகள் கல்யாணத்துக்கு முன்னாலேயே சரி செய்யச் சொல்லி அமலா நச்சரித்தாள். "கல்யாண வேலைய பாரு. வண்டிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

கல்யாணம் சிராங்கூன் சாலைக் கோயிலில். காலையில் கொட்டுகிற மழையில் மகள் திவ்யதர்ஷினியை அந்தக் காரில்தான் அழைத்து வந்தார். மழைக்குப் போட்ட விளக்கை அணைக்க மறந்து இறங்கிவிட்டார். பஸ்ஸர் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம், ராகு காலம் தொடங்குவதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் புறப்பட வேண்டும் என்று எல்லாரும் அவசரப்பட்டபோது, பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தது. ரமணன் சாவியைத் திருப்பினார், திருப்பினார், வேர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை பிரேம் தன்மையாகத்தான் சொன்னான், கிராப் டாக்சி கூப்பிடலாம் மாமா என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களோ என்னவோ, ரமணனுக்கு மானம் போய்விட்டது. பின் சீட்டில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த மகளைத் திரும்பிப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"இவ ஏறுன நேரம், நல்லா இருந்த வண்டி செத்துப்போச்சு!"

பெற்ற அப்பன், தாலி ஏறிய அன்றைக்கு, சம்பந்தி காதுபட. அமலாவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பிரேமின் அம்மா பாப்பம்மாள் கேட்டு வைத்துக்கொண்டாள். வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவலையும் அள்ளிக் கொடுத்த கதை. ஆறாவது மாதம் பிரேமுக்கு வேலை போனபோது அவல் வெளியே வந்தது. "நானா சொன்னேன்? உங்கப்பாதான் சொன்னாரு, நீ ஏறுன நேரம்னு." அடுத்த வருஷம் திவ்யாவின் வயிற்றில் தங்கிய கரு கலைந்தபோதும் அதே வார்த்தை. அன்று திவ்யா தையல் கடைக்கே போன் செய்து அழுதாள்.

"அம்மா, அப்பாவ வந்து ஒரே ஒரு தடவ அத்தை முன்னாடி சொல்லச் சொல்லும்மா. நான் காரணமில்லன்னு. அவர் சொன்னது, அவர் வாயாலதான் போகும். ப்ளீஸ்மா."

அமலா வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அன்றைக்கு அவள் பேசியது அவளுக்கே புதிதாக இருந்தது. ரமணனுக்கும் முகம் சுண்டிப் போனது. மகள்மீது பாசமில்லாத மனுஷன் இல்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இரு, அந்தப் பஸ்ஸர மொதல்ல மாத்தறேன்" என்றார். அமலாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவர் கணக்கு வேறு. "சும்மா போயி மன்னிப்புக் கேட்டா அந்தம்மா நம்புமா? கோளாறு எதுலன்னு கையில காட்டணும் லா. அப்பத்தான் வாய மூடும்."

அதிலும் ஒரு நியாயம் இருப்பதாக அமலா தன்னைத் தேற்றிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

இங்கே எந்தக் கடையிலும் அந்தப் பஸ்ஸர் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் யாரோ ஒருவரிடம் சொல்லி வரவழைத்தார். தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரமணன் முன் சீட்டில் தலைகீழாகப் படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பழையதைப் பிடுங்கினார். அமலா கைவிளக்கைப் பிடித்தாள். புதியதைச் சொருகி, விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்ததும் 'ஙொய்ய்' என்று கத்தியது. கேவலமான சத்தம்தான். அமலாவுக்கு அதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தச் சனியன் அன்றைக்கே கத்தித் தொலைத்திருந்தால் என் பிள்ளைக்கு இந்தக் கதி வந்திருக்காதே என்று இருந்தது.

நேராகச் சம்பந்தி வீட்டுக்குப் போகலாம் என்றாள். ரமணன் கேட்கவில்லை. ரிப்பேர் பார்த்த வண்டியைப் பூசை போடாமல் ஓட்டக்கூடாதாம். சிராங்கூன் சாலைக் கோயிலுக்கு விட்டார். குருக்கள் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு ஆங் மோ கியோவில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அமலா சொல்லிக்கொடுத்தபடியே வந்தாள். "வேற எதுவும் பேசாதீங்க. வண்டி நின்னதுக்குக் காரணம் இதுதான், எம்பொண்ணு இல்ல. இதை மட்டும் சொல்லுங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார் ரமணன்.

பாப்பம்மாளும் திவ்யாவும் அடுக்குமாடி புளோக்கின் கீழே இறங்கி வந்தார்கள். திவ்யா இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் பார்க்காத மாதிரி தூணருகே நின்றுகொண்டாள். ரமணன் கையில் பழைய டப்பாவை வைத்துக்கொண்டு, புதியதைக் கத்தவிட்டுக் காட்டினார். பாப்பம்மாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தே விட்டாள்.

"அப்ப அன்னைக்கு வண்டி நின்னதுக்கு இந்த டப்பாதான் காரணமா சம்பந்தி?"

"இதேதான் சம்பந்தியம்மா! வேற ஒண்ணுமே இல்ல. இது கத்தியிருந்தா நான் லைட்ட அணைச்சிருப்பேன். நான்தான் புத்திகெட்டுப் போயி என் பொண்ண சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டார். சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொல்லிவிட்டார். அமலா காருக்குள் இருந்தபடியே கும்பிட்டாள். அவர்மேல் இருந்த முப்பது வருஷத்துக் கோபமெல்லாம் அந்த நிமிஷம் கரைந்துவிட்டது. பாப்பம்மாளும் பொல்லாதவளாகவே பிறந்தவள் இல்லை போலிருக்கிறது. பழைய டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத்துனூண்டு சாமானா இம்புட்டுப் பேச்சு வாங்கிக் குடுத்துச்சு" என்றாள். பிறகு மருமகளை நோக்கி, "சரி, ஏன் அங்கேயே நிக்கிற? அப்பா ஆசையா கொண்டாந்திருக்காரு. ஏறி ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்றாள்.

திவ்யா சிரித்தாள். ரெண்டு வருஷமாக அமலா பார்க்காத சிரிப்பு. கிட்டே வந்து பின் கதவின் பிடியில் கை வைத்தாள்.

ரமணனின் கை சட்டென்று வந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"இன்னைக்கு வேணாம்மா. இப்பத்தான் பூசை போட்டு வந்திருக்கு. இன்னொரு நாள் ஏறிக்கலாம்."

பாசமாகத்தான் சொன்னார். என்ன சொன்னோம் என்றே அவருக்குத் தெரியவில்லை. திவ்யா கையை எடுத்துக்கொண்டாள். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு மின்தூக்கிப் பக்கம் நடந்தாள். பாப்பம்மாள் ரமணனைப் பார்த்தாள், பிறகு அமலாவைப் பார்த்தாள். பழைய டப்பாவைக் காரின் மேலே வைத்துவிட்டு, "பெத்தவருக்குத் தெரியாததா?" என்றாள். சொல்லிவிட்டு அவளும் போனாள்.

அமலா கதவைத் திறந்து இறங்கினாள்.

"எங்க போற? வா, மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார் ரமணன்.

"நீங்க போங்க. நானும் இன்னொரு நாள் ஏறிக்கறேன்."

மின்தூக்கியின் கதவு மூடிவிட்டது. அமலா பொத்தானை அழுத்திவிட்டு, அது கீழே வருவதற்காகக் காத்து நின்றாள். மேலே போய் மகளிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியவர் சொல்லி முடித்துவிட்டார்.