சொல்லிக்கொண்டு போகும் வழி

ஐந்தாம் வகுப்பை முழுதாக முடிக்காதவன் நான். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து போர்வெல் வண்டியில் ராடு மாட்டுகிற ஆளாக ஹைதராபாத் வந்தேன். சொந்தமாக ஒரு போர்வெல் ரிக் வாங்கினேன். முழுகிப் போவான் என்று மச்சான்மார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதையும் வாங்கினேன். பட்டான்செருவில் யார்டு போட்டேன், ஹப்சிகுடாவில் மாடி வீடு கட்டினேன். தெலுங்கை யாரும் சொல்லித் தராமலே பேசினேன், உருதுவில் சண்டையும் போட்டேன். மகளை இன்ஜினியர் ஆக்கினேன். இதெல்லாம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். பட்டான்செருவுக்கு அப்பால், ஒரு லாரியோ பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ குறுக்கே வராமல், குன்றுகளுக்கு நடுவிலும் ஏரிக்கரையிலும் பாதி நாள் சைக்கிள் விடுவதற்கு ஒரு சரளைப் பாதை இருக்கிறது. அதை உண்டாக்கியவனும் நான்தான்.

கண்ணாடிக் கட்டடங்கள் மாதத்துக்கு ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மகள் அப்படி ஒரு கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளுடைய டீம் லீடர் செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தாத்தா காலத்திலேயே வந்த கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் ஆமாம், வேண்டாம் என்பதற்கு ஹவ், நக்கோ என்கிற ஹைதராபாத் உருது. கம்பெனி அவனை ஸ்பெயினுக்கு அனுப்பியிருந்தது. திரும்பும்போது தடித்த டயர் போட்ட சைக்கிள் ஒன்றோடு வந்து இறங்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் படங்களைக் காட்டினான். பள்ளத்தாக்கு, சாம்பல் நிற இலையோடு வரிசை வரிசையாக ஆலிவ் மரங்கள், முழங்கால் தண்ணீரில் நிற்கும் பறவைகள், நடுவில் பொடிக்கல் போட்ட வெள்ளைப் பாதை. வண்டி என்று ஒன்று கிடையாது. பழைய ரயில் தடத்தைக்கூட சைக்கிளுக்காக ஒதுக்கிவிட்டார்களாம். நம்ம ஊரில் ஏன் இப்படி இல்லை என்று கேட்டேன்.

"நக்கோ அங்கிள். இங்க சான்ஸே இல்ல" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆலிவ் மரத்தை நான் பார்த்ததில்லை. தரையில் கிடக்கும் கல்லைப் பற்றி என்னிடம் யாரும் பேச வேண்டாம். போர் போடக் கூப்பிடுகிற விவசாயி ரோட்டோரத்திலா இருப்பான்? பஸ் போகாத இடத்துக்குத்தான் எங்கள் ரிக் போகும். வழி இல்லையென்றால் மொரம் கொட்டி, அதாவது அந்தப் பக்கத்துச் செஞ்சரளையைக் கொட்டி, வழி செய்துகொண்டு போகும். பட்டான்செருவிலிருந்து மேற்கே எந்த வண்டித்தடம் எந்த ஏரியில் போய் முட்டும், எது குன்றைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அடுத்த ஞாயிறு காலையில் யார்டுக்கு வா, காட்டுகிறேன் என்றேன்.

அவன் என் மகளையும் சேர்த்து ஆறேழு பேரோடு வந்தான். ஹப்சிகுடாவிலிருந்து சைக்கிள்களை ஏற்றி வந்ததே என்னுடைய பைப் லாரிதான். நான் யார்டில் கிடந்த கறுப்பு சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டேன். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டதைப் பார்த்து, யார்டுக்குக் கூட வந்திருந்த என் மனைவி, "ஏனுங்க, இந்த வயசுல அரை டவுசருங்களா?" என்று கேட்டாள். இன்னும் ஒரு மடிப்புச் சுருட்டிவிட்டு மிதித்தேன்.

முதலில் மருந்துக் கம்பெனிகளின் பின்சுவரை ஒட்டிப் போக வேண்டும். அந்த நெடி மூக்கை விட்டுப் போகும் இடத்தில் மண் சிவப்பாகிவிடும். பிறகு ஏரிக்கரை. ஒரு பக்கம் ஆகாயத்தாமரையும் கோரையும், அதற்குள்ளே நாமக்கோழிகள் ஒன்றையொன்று துரத்தும். இன்னொரு பக்கம் நெல். கரை முடிந்ததும் சீத்தாமரம் மண்டிய குன்றுகள், ஒன்றின்மேல் ஒன்று வைத்தாற்போல் பாறைகள். குன்றுக்குப் பின்னால் இறங்கினால் ஈச்சமரப் பள்ளத்தாக்கு. அதில் கீழ்நோக்கிப் போகும்போது டயருக்கு அடியில் சரளை நெரிகிற சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காது. டீம் லீடர் ஒரு பாறைமேல் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "ஹவ் அங்கிள், இது அதேதான்" என்றான். ஆலிவ் மட்டும்தான் குறைச்சல் என்றேன்.

ஆனால் நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. ஏரிக்கரை முடிகிற இடத்துக்கும் குன்றின் அடிவாரத்துக்கும் நடுவே ஒருவருடைய நிலம். சுற்றிலும் முள்வேலி. அந்தத் துண்டைத் தாண்ட முடியாததால் பம்பாய் ஹைவேயில் ஏறி, டேங்கர்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போய், அடுத்த திருப்பத்தில் இறங்க வேண்டும். சில மாதங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஹைவேயில் என் கண் முன்னாலேயே ஒரு லாரியின் தார்ப்பாய்க் கயிறு மகளின் ஹேண்டில்பாரில் மாட்டியது. கயிறு அறுந்ததால் பிழைத்தாள். ரோட்டோரத்தில் உருண்டு, முழங்கை கிழிந்து, எழுந்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "குச் நஹி ஹுவாப்பா" என்றாள், ஒன்றும் ஆகவில்லை அப்பா என்று. இந்த ஊரில் பிறந்தவள், பயந்தால் ஹிந்திதான் வரும். டீம் லீடர் அவளைத் தாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினான். எத்தனையோ பேருடைய தண்ணீருக்காகப் பாறையைத் துளைத்தவன், ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் நின்றேன்.

வீட்டில் மனைவி மகளின் கைக்கட்டைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. இனிமேல் மகள் சைக்கிளைத் தொடக்கூடாது என்றாள். தொடுவேன் என்றாள் மகள். ஆபீஸில் வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு கூன்விழுகிறது, ஞாயிறு ஒன்றுதான் மூச்சுவிடுகிற நாள் என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மனைவிதான் முடித்துவைத்தாள்.

"வழி கண்டுபிடிச்சேன், வழி கண்டுபிடிச்சேன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே. பாதி வழிதானுங்களே கண்டுபிடிச்சீங்க? மீதி லாரிக்காரன் கையிலதான இருக்குது."

அந்த வேலிக்காரரிடம் போய்க் கேட்டால் என்ன என்று மகள் கேட்டாள். கேட்காமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த நிலத்தை எனக்கு முன்பே தெரியும். அங்கே போர் போட்டது நாங்கள்தான். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அவரே கூட்டி வந்து இடம் காட்டினார். ரிக் ஏறியது. ராத்திரி பூராவும் இறக்கினோம். அந்த வீட்டம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்து ஆட்கள் எல்லோருக்கும் போட்டாள். விடியும்வரை வெள்ளைப் பாறைமாவு மட்டுமே புகையாக வந்தது, ஒரு பொட்டு ஈரமில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. போர் பொய்த்த இடத்திலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டோம். துக்க வீட்டிலிருந்து யாராவது போய்விட்டு வருகிறேன் என்று சொல்வார்களா? அதேபோல்தான். அந்த இடத்தில் வருகிறோம் என்றால், இன்னொரு தடவை பொய்க்கட்டும் என்று சொன்னதாகிவிடும். அதனால் ராடுகளைச் சத்தமில்லாமல் அடுக்கி, முகத்தைப் பார்க்காமல் கிளம்பிவிடுவோம். அது மரியாதை. என் முதலாளி எனக்குக் காட்டியது, என் ஆட்களுக்கு நான் காட்டியது. அன்றைக்கும் அப்படியே கிளம்பினோம்.

கையில் கட்டோடு மகளும் நானும் போனோம். அவர் மாட்டுக் கொட்டகையின் முன்னால் சோளக்கதிர் உதிர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன். லாரி, கயிறு, மகள், எல்லாம். அவர் கட்டைப் பார்த்தார். பிறகு பேசினார். அவர் தெலுங்கில் சொன்னதை நம் தமிழில் சொல்கிறேன்.

"தண்ணி வரலைன்னு எனக்குக் கோபமில்ல. பூமியில இல்லாதத நீ எங்கேருந்து கொண்டு வருவ? எங்க வீட்ல சாப்பிட்ட. விடிஞ்சு பாத்தா வண்டியக் காணோம். போறேன்னு ஒரு வார்த்தை இல்ல. திருடன்தான்யா அப்படிப் போவான்."

என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எங்கள் வழக்கத்தை விளக்கினேன். துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோல் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று உறைத்தது.

அவர் எழுந்துவிட்டார். "மா இன்ட்ல சாவு அயிந்தா?" என்றார். எங்கள் வீட்டில் சாவா விழுந்தது என்று கேட்கிறார். "காஞ்ச போர் பொணமா? நாங்க உசுரோடதான இருந்தோம்? உங்களுக்குச் சொல்ல மனுஷன் இல்லையா இங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் வழக்கத்திலும் நியாயம் இருந்தது. இரண்டும் அந்தக் கொட்டகை வாசலில் முட்டிக்கொண்டு நின்றன.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "அன்னிக்குக் காலைல அத்தனை பேருக்கும் சாயா போட்டு வெச்சேன். யாரையும் காணோம். எருமைக்கு ஊத்தினேன். ரெண்டு நாள் அது தூங்கவே இல்ல."

மகள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். அந்த அம்மா வெளியே வந்து அவளைப் பார்த்துத் தானும் சிரித்தாள். இரண்டு பேரும் தெலுங்கில் எருமையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர் மறுபடி உட்கார்ந்தார்.

வேறு இடத்தில் இன்னொரு போர், என் செலவிலேயே போட்டுத் தருகிறேன் என்றேன். "வத்து" என்றார், வேண்டாம் என்று. இருக்கிற ஓட்டை போதுமாம். வேலியில் ஓரமாக ஒரு ஆள் அகலத்துக்குத் திறந்துவிடுகிறேன், சைக்கிள் மட்டும்தான் போக வேண்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. யார் போனாலும், தினமும் போனாலும், அவர் வீட்டு முன்னால் இறங்கி, முகத்தைப் பார்த்து, போய்விட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

கிளம்பும்போது அதைத் தெலுங்கில் சொன்னேன். "போயொஸ்தம்." போர் பொய்த்த நிலத்தில் நின்று நான் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு புரளவில்லை, ஆனாலும் சொன்னேன். அவர் "மஞ்சிதி" என்றார், நல்லது என்று.

அடுத்த வாரமே என் ஆட்களை வைத்து முள்ளை வெட்டி ஒதுக்கி, டிராக்டரில் மொரம் கொண்டுபோய்க் கொட்டி, ரோலர் இல்லாமல் தண்ணீர் தெளித்துக் காலால் மிதித்துப் பாதை போட்டேன். ஏரிக்கரையும் குன்றும் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மகள் ஹைவேயில் ஏறவில்லை. மனைவி அந்த வீட்டம்மாவுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு தூக்கு நிறைய எங்கள் ஊர்ப் பலகாரமான கச்சாயம் சுட்டுத் தந்தாள். அவள் கணக்கில் அது பெரிய பாராட்டு.

ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட சாஃப்ட்வேர் பிள்ளைகள் கொட்டகை முன்னால் வரிசையாக நின்று "போயொஸ்தம்" சொல்வதைப் பார்க்க வேண்டும். ஒருவன் ஓட்டிக்கொண்டே "பை அங்கிள்" என்று கத்திவிட்டுப் போனான். பெரியவர் அவனைக் குன்றடியிலிருந்து திரும்பக் கூப்பிட்டு, இறங்கச் சொல்லி, சொல்ல வைத்து அனுப்பினார். அவன்தான் இப்போது எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்கிறான்.

கூட்டம் பெருகியது. பேகம்பேட் ஆபீஸ்களிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். வெப்சைட் ஆனது, மேப் ஆனது, போன மாதம் ஏரிக்கரையில் ஒரு போர்டும் வைத்தார்கள். அதில் இங்கிலீஷில், இந்தப் பாதையை சாட்டிலைட் படத்தின் மூலம் கண்டுபிடித்தவர் என்று டீம் லீடரின் பெயர் இருக்கிறது. மகள்தான் படித்துச் சொன்னாள். நான் அவனைக் கேட்டேன். "கைக்கு டென்ஷன் அங்கிள், அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றான். கைக்கு என்றால் எதற்கு. அவன் நல்ல பையன். என் மகளைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்தவன், அதை நான் மறக்கமாட்டேன். திருட வேண்டும் என்று எழுதவில்லை. ஆனால் சாட்டிலைட்டில் முள்வேலி தெரியும். வேலிக்குப் பின்னால் சோளம் உதிர்த்துக்கொண்டிருக்கும் மனிதர் தெரியமாட்டார்.

அதன் பலன் இப்போது வந்துவிட்டது. போர்டை மட்டும் பார்த்து வருகிற புதியவர்கள் இறங்காமல், சொல்லாமல் போகிறார்கள். போன ஞாயிறு பெரியவர் என்னிடம், "மறுபடியும் திருட்டுத்தனமாப் போறாங்க. முள்ளு இன்னும் ஓரமாத்தான் கிடக்குது, இழுத்துப் போட எவ்வளவு நேரமாகும்?" என்றார். இழுத்துப் போட்டால் மறுபடி எல்லோரும் ஹைவேதான், என் மகளும்தான்.

ஆகவே போர்டு வைத்த சைக்கிள்காரர்களிடம் வெளிப்படையாகக் கேட்கிறேன். அந்தப் போர்டை மாற்ற வேண்டும். நிலம் விட்டவர் பெயரையும், அவரிடம் சொல்லிக்கொண்டுதான் போக வேண்டும் என்பதையும் மேலே எழுதுங்கள். அதற்குக் கீழே, இந்தப் பாதையைக் கண்டவன், கேட்டு வாங்கியவன், மொரம் கொட்டி இணைத்தவன் என்று என் பெயரை எழுதுங்கள். டீம் லீடர் பெயர் மூன்றாவதாக இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பெரியவருக்குக் கீழே நிற்கச் சம்மதிக்கிறேன். சாட்டிலைட்டுக்குக் கீழே நிற்கமாட்டேன். இங்கிலீஷில் மட்டும் எழுதினால் போதாது. தெலுங்கிலும் தமிழிலும், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். பெயிண்ட் செலவு என்னுடையது.