அண்ணனின் கம்ப்யூட்டரும் என் அணில் கரையும்

அண்ணன் என் ஹார்ட் டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தபோது அது கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. "இனிமே உன் கம்ப்யூட்டர்லயும் ஓடும், என்னுதுலயும் ஓடும்" என்றான். முகத்தில் அப்படியொரு பெருமை. நான் நன்றி வேறு சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் ஆந்திராவில், திருப்பதிப் பக்கம் நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். தறியை அப்பா பார்த்துக்கொள்வார்; நைனா என்றுதான் கூப்பிடுவோம். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் வீடு திரும்பிய நான், புடவைக் கரைக்கு டிசைன் போடக் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிறம் வைத்து, எந்த இழை மேலே வரவேண்டும், எது கீழே போகவேண்டும் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லி முடித்த கோப்பைத்தான் தறி படிக்கும். வெறும் படத்தைக் கொடுத்தால் அது ஒரு இழைகூட நெய்யாது. அடுத்தவர்களுக்குப் போட்டுக் கொடுத்தது போக, எனக்கென்று போட்டு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தவை நிறைய. என்னுடையது பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர். அதில் இடம் இல்லாததால் எல்லாமே ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது.

அவற்றில் எனக்கு உயிர் அணில் கரை. மயிலும் மாங்காயும் போட்டுப் போட்டு அலுத்துப்போய், எங்கள் வீட்டு நூல் கண்டுகளைக் கடித்து உயிரை வாங்கிக்கொண்டிருந்த அணிலையே போட்டுவிட்டேன். வாலைத் தூக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக முந்தானையைப் பார்த்து ஓடும். அந்த வால் சரியாக வருவதற்குள் எனக்குக் கண் பூத்துவிட்டது.

திருப்பதியில் புடவை மொத்த வியாபாரி ஒருவர், புது டிசைனும் அதற்குத் தறிக் கோப்பும் கொண்டுவந்தால் எங்கள் தறிக்கே ஆர்டர் தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் நைனா கூலிக்கு லுங்கி நெய்வதை விடலாம். வாழாமல் வந்தவள் என்ற பேச்சுக்கு நடுவில் நானும் நிமிர்ந்து நடக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பெங்களூரில் வேலை. அவன் வைத்திருப்பது மேக். ஊருக்கு வரும்போதெல்லாம் என் ஹார்ட் டிஸ்கைச் சொருகி, படம், பாட்டு என்று வேண்டியதையெல்லாம் அள்ளிக்கொள்வான். பதிலுக்கு அவன் பிள்ளைகளின் போட்டோவைப் போட்டுக் கொடு என்றால் மட்டும் கையை விரிப்பான். "உன் டிஸ்க் விண்டோஸ் டிஸ்கும்மா. என் கம்ப்யூட்டர்ல படிக்கத்தான் வுடுது, எதுவும் போட வுடல" என்பான். எடுக்கலாம், கொடுக்க முடியாது. அவனுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

அந்தப் பொங்கலுக்கு வந்தவனிடம் திருப்பதி விஷயத்தைச் சொன்னேன். "வெறுங்கைய வீசிக்கினு போவாத. நானு ஷோக்கா ஒரு கேட்லாக் பண்ணித் தரேன்" என்றான். சந்தோஷமாகத்தான் டிஸ்கைக் கொடுத்தனுப்பினேன். அது பலமனேர் வழியாகப் பெங்களூருக்குப் போனது.

சில நாள் கழித்து போன் பண்ணினான். கேட்லாக் முடிந்ததாம், டிஸ்கில் ஏற்றத்தான் முடியவில்லையாம். "இத்த ஃபார்மட் பண்ணாத்தான் ரெண்டு கம்ப்யூட்டர்லயும் எழுத வுடும்."

"அண்ணா, உள்ள இருக்கறது போயிடுமே?"

"எல்லாத்தையும் என்னுதுல எடுத்து வெச்சிக்கினு, ஃபார்மட் பண்ணி, திரும்பப் போட்டுடுவேன். நானு பண்றேன் இல்ல? நீ போயி வேலையப் பாரு."

நான் வேலையைப் பார்த்தேன். டிஸ்கை அவனே வந்து கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிட்டான்; அவன் போனதும் சொருகினேன். சினிமாப் படம் அத்தனையும் பத்திரமாக இருந்தன. அவன் காலேஜ் சுற்றுலாப் போட்டோக்கள் ஒன்றுக்கு இரண்டாக இருந்தன. என் டிசைன் போல்டரில், வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காகச் சின்னதாக்கி வைத்திருந்த படங்கள் மட்டும் இருந்தன. தறிக் கோப்பு ஒன்றுகூட இல்லை.

உடனே போன் பண்ணினேன்.

"அதுவா? எல்லாம் வெள்ளத்தாளு மாதிரி காட்டிக்கினு இருந்துச்சு. தொட்டா தொறக்கல. கெட்டுப்போன ஃபைலுன்னு வுட்டுட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்கலாம் இல்ல?"

"தொறக்காத ஃபைல வெச்சிக்கினு இன்னாம்மா பண்ணப்போற?"

அவன் கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரியாதது, அவனுக்குக் குப்பை. சினிமாவில் ஒரு சண்டைக் காட்சி விட்டுப்போயிருந்தால் பதறியிருப்பான்.

சித்தூரில் ரிப்பேர் கடை ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "ஃபார்மட் பண்ணதோட நிறுத்தியிருந்தா எதாவது தேறியிருக்கும். அது மேலயே படத்தையெல்லாம் கொட்டிக்கீறாங்களே" என்று கடைக்காரர் டிஸ்கைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் என்னாச்சு என்று கேட்டாள். என்னவென்று சொல்வது?

நைனாவுக்கும் மனசு கஷ்டம்தான். ஆனாலும் அவர் வாயில் வந்தது, "அவன் உனக்காவத்தானே பண்ணான்" என்பதுதான். எங்கள் வீட்டில் அண்ணன் எதைக் கெடுத்தாலும் அது நமக்காகத்தான்.

கேட்லாக் பளபளப்பாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அட்டையிலேயே அணில் கரை. ஆனால் எழுத்துக்கு இடம் வேண்டுமென்று கரையை மட்டும் இடம் வலமாகத் திருப்பியிருந்தான். என் அணில்கள் முந்தானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடின. அதையும் கேட்டேன். "அணிலு எந்தப் பக்கம் ஓடுனா இன்னா?" என்றான்.

அதை எடுத்துக்கொண்டுதான் திருப்பதிக்குப் போனேன். வியாபாரி அட்டையைப் பார்த்ததுமே "சால பாகுந்தம்மா" என்று தெலுங்கில் மெச்சினார். ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் புரட்டினார். பிறகு "தறி ஃபைல் ஏதி?" என்று கேட்டார். இல்லை, மறுபடியும் போடவேண்டும், சில மாதம் ஆகும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "பண்டுக தர்வாத சூத்தாம்" என்றார். பண்டிகை முடியட்டும் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். கேட்லாக் மட்டும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் கூப்பிடவில்லை. நான் அணிலை முதல் கட்டத்திலிருந்து மறுபடியும் போட உட்கார்ந்தேன். கை ஓடினால் மனசு ஓடாது. பாதி வாலோடு அது அப்படியே நிற்கிறது. நைனா இன்னும் கூலிக்கு லுங்கிதான் நெய்கிறார்.

தீபாவளிக்கு அண்ணன் குடும்பத்தோடு மலைக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே வீட்டுக்கு வந்தான். வரும் வழியில் திருப்பதியில் எனக்கொரு புடவை எடுத்திருந்தான். டிஸ்க் விஷயத்தில் நான் முகம் கொடுத்துப் பேசாதது அவனை உறுத்தியிருக்க வேண்டும். பையைப் பார்த்தேன். அதே வியாபாரியின் கடை.

பிரித்தேன். அரக்கு நிறம். கரை நெடுக அணில்கள். வாலைத் தூக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, முந்தானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடின. கேட்லாக்கைப் பார்த்து யாரையோ வைத்துப் புதிதாகப் போட வைத்திருக்கிறார்கள். அண்ணன் திருப்பிய பக்கமே திரும்பி இருந்தன.

நைனா கரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து தறிப் பக்கம் போய்விட்டார்.

"எப்படி கீது?" என்றான் அண்ணன். "கடையில பாத்ததுமே உன் ஞாபகம் வந்துச்சு. ஏன்னு தெரியல."

அவன் கையால் அட்டையில் வைத்த அணில். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது அவனுக்குத் தெரியும், இதோ தெரிந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அந்த ஹார்ட் டிஸ்க எடுத்தாம்மா" என்றான். "புள்ளைங்களுக்கு ரெண்டு படம் ஏத்திக்கினு போறேன்."