ஒதுக்கி வைத்த அறை

வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் சொல்லுகிற வேலையில், தேத்தண்ணி தராத வீடு கிடையாது. சொன்னதைக் கேட்கிற வீடுதான் கிடைக்காது. சண்டிலிப்பாய்ப் பக்கம் நான் குடும்பநல உத்தியோகத்தர், ஊருக்கு ‘மிஸி’. நல்லது சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இதை வாசித்தால் என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

பூட்டுப் போட்ட அறை

இன்புளுவென்சாக் காய்ச்சல் பக்கத்து மானிப்பாய் வரைக்கும் வந்துவிட்டது என்றதும் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். காய்ச்சல் மருந்து வாங்கி வையுங்கோ, ஆருக்கும் வந்தால் தனியாகப் படுக்க ஒரு அறையை இப்பவே ஒதுக்குங்கோ என்பதுதான் என் பாடம். பரமேஸ்வரி அக்கா வீட்டில் இன்னும் அழுத்திச் சொன்னேன். அங்கே அவவும் புருஷன் கனகலிங்கம் அண்ணையும் மட்டும்தான். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம், அதுதான் ஆஸ்துமா. இந்தக் காய்ச்சல் தொற்றினால் மூச்சுக்கே ஆபத்து.

மூன்று அறையில் ஒன்றில் வெங்காயம், மற்றதில் சாமியறையும் சாமான்களும். இருவரும் ஹோலில் காற்றாடிக்குக் கீழே படுப்பார்கள். மூன்றாவது, கனடாவில் இருக்கும் ஒரே மகனுடையது. குளிரூட்டி, உள்ளேயே குளியலறை, பொலித்தீன் உறை கழற்றாத மெத்தை. பூட்டைத் திறந்து அக்கா பெருமையோடு காட்டினா. இதுவே போதுமே என்றேன்.

“உது தம்பி வந்தால் படுக்கிற அறை, மிஸி. வருத்தக்காரர் கிடந்த அறையிலை அவனை எப்பிடிப் படுக்க விடுறது?”

தோடம்பழம்

அடுத்த கிழமை ஒழுங்கையில் கனகலிங்கம் அண்ணையைக் கண்டேன். சைக்கிளில் ஒரு பை தோடம்பழம் தொங்கியது. பக்கத்துத் தோட்டக்காரருக்குக் காய்ச்சலாம், பார்க்கப் போகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழத்தை வாசல் படலையில் கொழுவிவிட்டுத் திரும்புங்கோ, சுகத்தைப் போனில் கேளுங்கோ, வீட்டில் முட்டுக்காரி இருக்கிறா என்று படித்துப் படித்துச் சொன்னேன். மனுஷன் சைக்கிளால் இறங்கக்கூட இல்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

“நாங்கள் போய்ப் பார்க்காட்டி, நாளைக்கு எங்களுக்கு வருத்தமெண்டால் ஆர் வருவினம், பிள்ளை?”

ஹோல்

வந்தார்கள்தான். அண்ணை காய்ச்சலில் விழுந்தது கேட்டு ஒழுங்கையே தோடம்பழத்தோடு வந்து போனது. நான் போனபோது அவர் ஹோலில் பாயில் கிடந்து இருமிக்கொண்டிருந்தார். அக்கா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, தலைமாட்டில் இருந்து கொத்தமல்லித் தண்ணி பருக்கிக்கொண்டிருந்தா.

உள்ளே ஒரு அறை சும்மா கிடக்கிறதே, நீங்களாவது அதற்குள் படுங்கோ அக்கா என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினேன். அண்ணையும் கிடந்தபடியே, “அதைத் திறந்து படுமப்பா” என்றார். அவவுக்கு மனம் வரவில்லை.

“வாற ஆவணியிலை தம்பி வாறான், மிஸி. அதுவரைக்கும் மெத்தையின்ரை உறை கழட்ட மாட்டன் எண்டு அவனுக்குச் சொல்லிப்போட்டன்.”

பாய்

மகன் ஆவணிக்கு முதலே வந்தார், தாயின் செத்தவீட்டுக்கு. காய்ச்சல் அண்ணையை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்தது. முட்டும் சேர்ந்துகொண்டது. ஆசுப்பத்திரிக்கு ஏற்றியும் காப்பாற்ற முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மகன் திரும்பிப் போன பிறகு ஒருநாள் போனேன். ஹோல் மூலையில் இரண்டு பாய் சுருட்டி வைத்திருந்தது. அந்த அறை பூட்டியபடியே இருந்தது. என்ன கதைப்பதென்று தெரியாமல், மகனுக்கு அறை வசதியாக இருந்ததோ என்று கேட்டுவைத்தேன். அண்ணை பாய்களைத்தான் பார்த்தார்.

“அவன் உந்த அறைக்குள்ளை போகேல்லை, பிள்ளை. வந்த நாள் தொட்டு எனக்குப் பக்கத்திலை, தாயின்ரை பாயிலைதான் படுத்தவன்.”

அறை ஒதுக்கி வைக்க எங்கள் ஊருக்கு நான் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை; அதில் வீட்டில் இருக்கிறவர்களும் படுக்கலாம் என்பதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.