அண்ணை உப்புப் பார்த்த காளான்

இரண்டாயிரத்து ஐந்தில் மூன்று மாத வேலையாக பிராங்பேர்ட் போயிருந்தேன். நான் தங்கிய வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் கணவரான அண்ணையும் ஒரு ஞாயிறு என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனார்கள். மரத்தடியில் வெள்ளைக் காளான்களைப் பார்த்ததும், "எங்க ஊர்ல இடி இடிச்சா முளைக்குமே, அதேதான்" என்று நான்தான் சொன்னேன்.

அக்கா அங்கேயே அடுப்பு மூட்டி, பறித்த காளானோடு உள்ளியும், அதாவது பூண்டும், போட்டு அவித்தார். நஞ்சென்றால் உள்ளி கறுக்கும் என்பது அவர் நம்பிக்கை. அது கறுக்கவில்லை.

"இஞ்சினியர் பிள்ளை சொன்னால் பிழையாகுமோ?" என்று சிரித்த அண்ணை, உப்புப் பார்க்க ஒரு கரண்டி சாப்பிட்டார்.

கூடையோடு வந்த ஜெர்மன் முதியவர் ஒருவர், பையில் மீதியிருந்த காளானை எடுத்து அடிமண்ணைத் துடைத்தார். அங்கே பை போன்ற உறை தெரிந்தது. இது ஆளைக் கொல்லும், ஆறு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று அவர் சொன்னதை அண்ணையே எனக்கு மொழிபெயர்த்தார்.

காரில் போகும்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றை வரிசையாக எழுதினேன். சாப்பிட்ட நேரம் ஒன்றேகால், அளவு ஒரு கரண்டி.

"எனக்கு ஒண்டும் செய்யேல்லையப்பா" என்றார் அண்ணை. அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இரண்டு மணிகூட ஆகவில்லை.