காதுக்குள் கேட்ட நடை

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பிய முதல் மாதத்தில் என் இடது காதுக்குள் யாரோ நடந்தார்கள்.

நறுவிலிக்குளத்துக்கு அப்பால், எங்கள் பழைய வளவில், கூரை போன வீட்டருகே தகரக் கொட்டில் போட்டு அம்மாவும் நானும் இருந்தோம். அந்த வீட்டுச் சுவர்களுக்குள் கட்டாக்காலி மாடுகள் ஆண்டுக்கணக்காகப் படுத்தெழும்பியிருந்தன. என் விளையாட்டும் அங்கேதான். மத்தியானம் காற்று விழுந்ததும் சத்தம் தொடங்கும். சருகின் மேல் ஒருவர் மெல்ல வருவது போலிருக்கும். திரும்பிப் பார்த்தால் எவருமில்லை.

பக்கத்து வளவுச் சின்னம்மா எண்ணெயை இளஞ்சூடாக்கிக் காதில் விட்டார். “எங்களுக்கு முந்திப் பூச்சியெல்லோ மீள்குடியேறியிட்டுது!” என்று சிரித்தார். இரண்டு நாள் விட்டும் பூச்சி வரவில்லை. சத்தமும் நிற்கவில்லை.

“பூச்சியெண்டால் செத்து மிதந்திருக்கும். இது பூச்சியில்லை,” என்ற அம்மாவின் குரல் மாறியிருந்தது. என்னைத் தனியே அந்த வீட்டுக்குள் கூட்டிப்போனார். “அண்ணாவோ பிள்ளை? என்ன சொல்லுறான்?”

அண்ணா கடைசிச் சண்டையில் காணாமற்போனவர். எனக்கோ எவரிடமும் இல்லையென்று சொல்ல வாய் வராது.

“வாறன் எண்டு சொல்லுறார்.”

அன்று முதல் மத்தியானச் சோற்றை அம்மா மூன்று கோப்பைகளில் போட்டார். சத்தம் கேட்கும்போதெல்லாம் வேலையை விட்டு என் முகத்தையே பார்த்து நிற்பார். நானும் ஏதாவது சொல்வேன். அண்ணா குளக்கட்டுக்கு வந்துவிட்டார். பனையடிக்கு வந்துவிட்டார். படலையைத் திறக்கிறார். சொல்லச் சொல்ல எனக்கே படலைப் பக்கம் பார்க்கப் பயமாயிற்று.

காதில் இரத்தம் கண்டதும் சின்னம்மா எங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனார். டொக்டர் இடுக்கியால் எதையோ எடுத்துப் பஞ்சில் வைத்தார்.

“உண்ணி.”

“பூச்சியெண்டால் எண்ணெய்க்கு வந்திருக்குமே ஐயா,” என்றார் அம்மா.

“உண்ணி பூச்சியில்லையம்மா. பூச்சிக்கு ஆறு கால், இதுக்கு எட்டு. சிறகுமில்லை, உணர்கொம்புமில்லை. சிலந்தியின்ர சொந்தம். கடிச்சுப் பிடிச்சால் லேசில விடாது. எண்ணிப் பாருங்கோ.”

அம்மா எண்ணினார். இன்னொரு தரமும் எண்ணினார். பிறகு என்னிடம் கேட்டார்.

“இப்ப ஒண்டும் கேக்கேல்லையோ?”

“இல்லையம்மா!” என்றேன், சந்தோஷமாக.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் தலையை இழுத்து, தன் காதை என் இடது காதோடு அழுத்தி வைத்துக்கொண்டார். இன்னொரு உண்ணி கிடக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்தேன். அவருக்கு வசதியாக, ஊர் வரும்வரை அசையாமல் இருந்தேன்.