முன்னால் நின்று கேட்ட சாக்ஸபோன்

மருத்துவமனையில் அவளுக்குப் பெயர் மூச்சக்கா. எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க "மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடுங்க" என்று சொல்லிச் சொல்லியே வந்த பெயர். வீட்டுக்கு வந்ததும் அவளே மூச்சை இழுத்து, ஒரு மலிவான ஆல்டோ சாக்ஸபோனில் விடுவாள். நாற்பது தாண்டிப் பிடித்த பித்து. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கணவர், "பட்டறைல கிரைண்டர், வீட்ல நீ. என் காதுக்கு எப்பதான் லீவு?" என்பார். ஆனால் ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

ஒரு காலையில் இருமலென்று மார்பு எக்ஸ்ரே எடுக்க ஒரு பெரியவர் வந்தார். மூச்சைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தாள். அந்நேரம் பார்த்து போன் அடித்தது. பேசிவிட்டுத் திரும்பினால், மனிதர் இன்னும் அசையாமல் நிற்கிறார்.

"ஐயோ, விடுங்க ஐயா!"

நிதானமாக விட்டார். "பழக்கம்தாம்மா. கப்பல் பேண்டுல பாதி ஆயுசு சாக்ஸ் ஊதினவன் நான்."

அவள் படத்தை மறந்தாள். "இப்ப ஊதுறதில்லையா?"

"முன்பல்லு போச்சு. பல்செட்டு பிடி கொடுக்க மாட்டேங்குது. மூச்சு கெடக்கு, என்ன பண்ண?" சிரித்தார். "என் சாக்ஸ் பிரெஞ்சு வாத்தியம், பாரிஸ்ல செஞ்சது. என்னைவிட மூத்தது. கட்டிலுக்கடியில சும்மா தூங்குது. நீ வாசிப்பியா? வந்து பாரு, பிடிச்சா விலைக்குத் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு போனாள். பேரம் பேச அவர்தான் கெட்டி. "என்ன இருந்தாலும் பழைய பித்தளைதானே" என்று வழியெல்லாம் தன்னைத் தயார் செய்துகொண்டே வந்தார்.

பெரியவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே விரித்திருந்த நீல வெல்வெட் சாம்பல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. அவர் கைபட்ட இடங்களில் பொன்பூச்சு தேய்ந்து, பித்தளை தன் நிறத்தில் தெரிந்தது. வாய்விரிந்த பகுதியில் கொடியும் பூவும் செதுக்கப்பட்டிருந்தன. கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையிலேயே மண்டியிட்டார். தண்டுகள் பற்றவைத்த இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒட்டு எங்கன்னே தெரியலையே" என்றார், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல. "பூவைப் பாரு. ஒரு இதழ் மாதிரி இன்னொண்ணு இல்ல. கையாலேயே வெட்டியிருக்கான்."

வாத்தியத்தின் கழுத்திலிருந்த கார்க் சுருங்கிப்போயிருந்தது. துண்டுக் காகிதம் சுற்றி, தான் கொண்டுவந்த ஊதுவாயை அவள் பொருத்தினாள். ஒரே ஒரு சுரத்தை நீட்டி ஊதினாள்.

ஒலி கனமாக, வெதுவெதுப்பாக எழுந்து அறையை நிறைத்தது. அதிர்வு அவள் விரல் வழியாக ஏறி நெஞ்செலும்பு வரை வந்தது. பயந்துபோய் நிறுத்திவிட்டாள்.

"நானா ஊதினேன்?"

பெரியவர் அவள் பக்கத்திலிருந்து எழுந்துபோய், எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றார். "இன்னொரு தரம் ஊதும்மா. மெதுவா."

தெரிந்த ஒரு மெட்டை ஊதினாள். கீழ்ச்சுரங்கள் காற்றாகவே வந்தன, துளைகளை மூடும் தோல் பட்டைகள் காய்ந்து கிடந்ததால். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. முடித்து நிமிர்ந்தபோது பெரியவரின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இத்தனை வருஷமும் நான் இதுக்குப் பின்னாடிதானேம்மா நின்னேன்" என்றார். "முன்னாடி இருக்கிறவங்களுக்கு இப்படியா கேட்டிருக்கும்? கப்பல்ல சில பேரு ஆடிட்டிருக்கும்போதே அப்படியே நின்னுடுவாங்க. கால் வலிக்குதாக்கும்னு நினைச்சிருக்கேன்."

அவர் சொன்ன விலைக்கே வாங்கினாள். பேரம் பேச வந்தவர் வாயே திறக்கவில்லை.

பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பட்டைகளை மாற்றியதும் பெரியவருக்குப் போன் செய்தாள். போனிலேயே ஊதிக் காட்டுவதாகச் சொன்னாள்.

"வேணாம் வேணாம், நேர்ல வரேன்" என்று அன்று மாலையே பஸ் ஏறி வந்துவிட்டார். கணவர் தேநீர் கொண்டுவந்தார். அவள் அடிச்சுரத்தைத் தொட்டபோது, தம்ளரில் தேநீர் மெல்லச் சிலிர்த்தது. இருவரும் குடிக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.