எனக்காகத் தோற்ற செல்வி அக்கா

ஆமாம், காலையில் முகநூலில் போட்ட வெற்றிச் செய்தியை நீக்கியது நான்தான்.

தலையில் அடிபட்டு, மாதக்கணக்கில் பிசியோதெரபி பயிற்சி எடுத்து முடித்து, இன்றுதான் எங்கள் குடியிருப்பின் ஷட்டில் கோர்ட்டில் மறுபடி இறங்கினேன். இடது கால் இன்னும் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். ஆனாலும் எதிர்வீட்டுச் செல்வி அக்காவை ஜெயித்துவிட்டேன். மூளை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் அதிசயம் பற்றி அங்கேயே நின்று ஒரு பத்தி எழுதிப் போட்டேன்.

அடுத்த ஆட்டம் அக்காவுக்கும் அவர் கணவருக்கும். கணவரின் மூக்கைக் குறிவைத்து ஸ்மாஷ் அடித்தார்.

"ஏனுங்க அக்கா, எனக்கு மட்டும் பூவாட்டம் போட்டீங்க?"

"உங்கம்மா நேத்தே சொல்லிப்போட்டாங்க கண்ணு, புள்ளைகிட்ட பாத்து ஆடுங்கன்னு. ஊடு தேடி வந்து கேட்டவங்க பேச்சை எப்படித் தட்டறது?"

"அதுக்காகத் தோக்கறதுங்களா?"

"வந்த மொத நாளே உன்னையத் தோக்கடிச்சா நல்லாவா இருக்கும்?"

விருந்தாளிக்கு ரசம் ஊற்றுவதுபோல எனக்குப் புள்ளிகளை ஊற்றியிருக்கிறார். அதை நான் நரம்பியல் என்று நினைத்திருக்கிறேன்.

என்னால் ஆட முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அது மட்டும் தெரியவில்லை.

"நெசமா ஒரு ஆட்டம் ஆடுங்க அக்கா."

"அப்பறம் அழுவக்கூடாது அம்மணி."

படுதோல்வி. ஒரே ஒரு முறை இடது பக்கம் ஓடி எடுத்துத் திருப்பி அடித்தேன். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தும் எட்டவில்லை.

"சனியன்" என்றார். இத்தனை மாதத்தில் யாரும் என்னிடம் மரியாதையில்லாமல் பேசியதில்லை.

வீட்டுக்கு வந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு, நாளைக்கும் அதே நேரத்துக்கு அலாரம் வைத்தேன்.